உரிமம் எண் ஒன்றும் ஓர் ஆமையும்

ஹில்யா கெம்பைனன் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஆட்டர் நோஸ் ஊர் எல்லையில் ஒரு ரயில் கடவு இருந்தது. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் எச்சரிக்கைப் பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். பள்ளிப் பேருந்து கடவில் நிற்க வேண்டும், கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஹில்யா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நின்றாள், பார்த்தாள். பனிப்புயல் அடித்தாலும் கதவைத் திறந்தாள். பின்னால் பிள்ளைகள் "ரயில் வருது, ரயில் வருது!" என்று கூவிக் கும்மாளம் போடுவார்கள். யாராவது பெரியவர்கள் கேட்டால், "பலகைய எடுக்கச் சொல்லுங்க, நிக்காம போறேன்" என்பாள்.

அறுபது வயதில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. மகன் டுலூத்தில், மகள் அரிசோனாவில். இருவருக்கும் மிச்சிகனின் வடகோடிக் குளிருக்குத் திரும்பி வரும் எண்ணம் இல்லை. கோடையில் பெரிய ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அறைகளை நாள் வாடகைக்கு விடலாம் என்று ஹில்யாவுக்குத் தோன்றியது. தங்கை ஐலியிடம் சொன்னாள்.

"நல்ல யோசனைக்கா. மாடி சன்னல்ல ஏரி தெரியுற மாதிரி நாலு படம் எடு, நெட்ல போடு. ஆள் தானா வருவான்" என்றாள் ஐலி.

"அதுக்கு லைசென்ஸ் வேணுமாமே?"

"இந்த ஊர்ல யார்கிட்ட இருக்கு லைசென்ஸ்? ஆறு வருஷமா என் கராஜ் மாடிய மீன் பிடிக்க வர்றவங்களுக்கு விடுறேன். எவனாச்சும் கேட்டானா?"

"அவங்க கேக்கலன்னா என்ன, நான் போய்க் கேக்கிறேன்."

"நீ கேப்ப. பொறந்த அன்னைக்கே நர்ஸ்கிட்ட ரசீது கேட்டவதானே நீ."

ஊராட்சி அலுவலகம் செவ்வாயும் வியாழனும் பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். உள்ளே ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே ஆள். ரெய்னோ சால்மெலா. ஹில்யாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், அவள் பக்கத்து வீட்டுக்காரன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளை எங்கே பிடிப்பது? எழுத்தர், கட்டட அனுமதி அதிகாரி, தீயணைப்பு ஆய்வாளர் மூன்றும் அவனே. சுவரில் மூன்று ஆணிகள், மூன்று தொப்பிகள். எழுத்தருக்கு நீலம், கட்டட அனுமதிக்குப் பச்சை, தீயணைப்புக்குச் சிவப்பு.

"வா ஹில்யா, காபி ஊத்தட்டுமா?"

"வாடகை லைசென்ஸ் வாங்க வந்தேன்."

ரெய்னோவின் கை கெட்டிலோடு அப்படியே நின்றது. கெட்டிலை வைத்துவிட்டு, நீலத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"உக்காருங்க" என்றான்.

"என்னடா திடீர்னு 'ங்க' போடுற?"

"தொப்பி போட்டா அப்படித்தான். போன மாசம் எங்க அண்ணன் வந்தான், அவனையே 'சார்'னுதான் கூப்பிட்டேன்."

விண்ணப்பத்தைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கிறிஸ்துமஸ் விளக்குகள் வைத்திருந்த பெட்டிக்கு அடியில் இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. நான்கு வருடத்துக்கு முன் வாடகை வீட்டில் தங்கிய சில இளைஞர்கள் விட்ட வாணவெடி ஒன்று போதகரின் படகில் விழுந்து படகு எரிந்துபோனது. மறு வாரமே சட்டம் வேண்டும் என்று ஊராட்சி மன்றம் குதித்தது. ரெய்னோ, தெற்கே எங்கோ ஒரு கடற்கரை ஊரின் சட்டத்தை நெட்டிலிருந்து இறக்கி, ஊர்ப் பெயரை மாற்றி மேசையில் வைத்தான். பதினான்கு பக்கம். யாரும் படிக்காமல் கைதூக்கி நிறைவேற்றினார்கள்.

ஹில்யா அங்கேயே உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் படித்தாள். புகை எச்சரிக்கைக் கருவி, இரண்டாவது வெளிவழி, வண்டி நிறுத்தும் இடம், குப்பைத் தொட்டி, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது எல்லாம் சரியாகவே இருந்தன. பதினோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"ரெய்னோ, இதென்ன ஆமை?"

"அது... அங்க கடல் ஆமை வந்து கரையில முட்டை போடுமாம். அதுக்கு."

"நம்ம ஏரியில கடல் ஆமை ஏது?"

"அதைக் கவனிச்சேனே! 'கடல்'ங்கிற வார்த்தைய வெட்டிட்டேன்" என்றான் ரெய்னோ பெருமையாக. "நமக்குத்தான் கடல் இல்லையே. இப்ப பாருங்க, வெறும் 'ஆமை'ன்னுதான் இருக்கும்."

மே முதல் அக்டோபர் வரை கரையைப் பார்த்த விளக்குகள் சிவப்பாக இருக்க வேண்டும். ஆமை அறிவிப்பை விருந்தினர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். ஆமைக் கூடு கண்டால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குஞ்சு வெளியேறும்வரை கூட்டைச் சுற்றி முப்பது அடிக்குள் இருக்கும் வீட்டில் யாரும் தங்கக் கூடாது.

"மே மாசம் கரையில ஐஸ் நிக்குமேடா."

"விதியில ஐஸப் பத்தி ஒண்ணும் போடலீங்க."

ஹில்யா வீட்டுக்குப் போய் விளக்குகளைச் சிவப்பாக்கினாள். சிவப்புத் தொப்பி வந்து புகைக் கருவியை அமுக்கிப் பார்த்தது. பச்சைத் தொப்பி வந்து வண்டி நிறுத்தும் இடத்தை அளந்தது. முந்நூறு அடிக்குள் இருக்கும் அண்டை வீட்டாருக்குப் பதிவுத் தபாலில் தகவல் போக வேண்டும் என்றது சட்டம். முந்நூறு அடிக்குள் இருந்தது ஒரே வீடு, ரெய்னோவின் வீடு. அவன் தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பினான். தபால்காரர் வந்தபோது அவன் ஆய்வுக்காக ஹில்யாவின் வீட்டுக்குப் போயிருந்ததால், கையெழுத்துப் போட ஆளில்லை என்று கடிதம் திரும்பிப் போனது.

அண்டை வீட்டார் ஆட்சேபணை சொல்வதற்கான விசாரணை நாளில் அவன் வெறுந்தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் விளக்கு தன் படுக்கையறையில் அடிக்கும் என்று ஆட்சேபணை சொன்னான். எழுந்து நீலத் தொப்பி போட்டு அதைக் குறித்துக்கொண்டான். பச்சைத் தொப்பி போட்டு, வேலி வைத்தால் போதும் என்று பதில் சொன்னான். மறுபடி வெறுந்தலையோடு உட்கார்ந்து, "அப்படின்னா சரி" என்றான். ஹில்யா வேலி வைத்தாள். பதினோரு வாரம் கழித்து உரிமம் வந்தது. எண் ஒன்று.

முதலில் வந்தவர்கள் மில்வாக்கியிலிருந்து புரூயிட் தம்பதி. கணவர் பல் மருத்துவர். ஹில்யா அவர்களைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, பதினான்கு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தாள். நாற்பது நிமிடம் ஆனது. ஏழாம் பக்கத்தில் பல் மருத்துவர் தூங்கி வழிந்தார். பதினோராம் பக்கத்தில் அவர் மனைவி நிமிர்ந்தாள்.

"இங்க ஆமை வருமா?"

"வராது" என்றாள் ஹில்யா.

"அப்ப எதுக்கு நோட்டீஸ்?"

"சட்டம்."

அந்த அம்மாள் கணவனை இடித்து, "வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க, பாத்தீங்களா? எவ்வளவு பொறுப்பு!" என்றாள்.

நான்கு நாளும் மாலையானால் இரண்டு பேரும் கம்பளித் தொப்பியும் மூன்றடுக்குச் சட்டையுமாக ஏரிக்கரையில் ஆமைக்குக் காத்திருந்தார்கள். நடுங்கிக்கொண்டே வந்து வீட்டுக்குப் பின்னால் ஹில்யா வைத்திருந்த நீராவிக் குளியல் குடிலில் புகுந்துகொண்டார்கள். ஊருக்குப் போய் நெட்டில் எழுதினார்கள்: 'ஆமைகளை இவ்வளவு அக்கறையாகப் பாதுகாக்கும் வீட்டை நாங்கள் கண்டதில்லை. ஆமை கண்ணில் படவில்லை. அதுவே பாதுகாப்புக்குச் சாட்சி.' அந்தக் கோடை முழுவதும் மாடி நிரம்பியது. வருகிற ஒவ்வொருவரிடமும் ஆமை கிடையாது என்று ஹில்யா சத்தியம் செய்தாள். ஒவ்வொருவரும் கண்ணைச் சிமிட்டினார்கள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க் கிழமை காலை, பத்திரிகை எடுக்க வெளியே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். சமையலறை மூலைக்கு அருகே, சரளைக்கல் பாதையில், வாஷ்பேசின் அளவுக்கு ஓர் ஆமை. சாலைக்கு அப்பால் இருக்கும் சதுப்பிலிருந்து வந்த கடி ஆமை. முதுகில் பாசி, மூஞ்சியில் உலகத்தின் மேலேயே வெறுப்பு. பின்னங்கால்களால் குழி பறித்துக்கொண்டிருந்தது.

"போ அந்தப் பக்கம்" என்றாள் ஹில்யா. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடேன்."

ஆமை வாயைத் திறந்து சீறியது. அவள் காபியை எடுத்து வந்து படியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, பிங்பாங் பந்து போல. கடைசியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து போனது.

ஹில்யா அளவு நாடாவை எடுத்தாள். சமையலறை மூலைக்கு இருபத்திரண்டு அடி.

அந்த நேரம் ஐலி இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டிகளைச் சுடச்சுடத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்."

"உன்னத் தவிர?"

"ஆமை."

"ஆமை போய் ரெய்னோகிட்ட சொல்லப்போகுதா? அக்கா, ஜூலை முழுக்க உனக்கு ஆள் வருது. முட்டை பாட்டுக்கு மண்ணுக்குள்ள கிடக்கட்டும், நீ பாட்டுக்கு வீட்டுக்குள்ள இரு. ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

ஐலி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ஹில்யாவால் முடியவில்லை. அதுதான் அவளை வாட்டியது. பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். பத்தொன்பது குடும்பங்களுக்கு அந்தப் பதினோராம் பக்கத்தைப் படித்துக் காட்டி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். குழந்தைகளிடம்கூட. ஒரு ஆறு வயதுப் பெண் பென்சிலால் பூ வரைந்து கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது, அலுவலகம் மூடியாயிற்று. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ரெய்னோ பனியனோடு வந்து நின்றான்.

"உள்ள வாயேன், என்ன விஷயம்?"

"தொப்பிய எடுத்துட்டு வா."

"எதை?"

"எதுல ஆமை வருதோ அதை."

அவன் ஒரு நிமிடம் யோசித்து, வண்டியில் கிடந்த பச்சையை எடுத்தான்.

மூன்று முறை அளந்தான். நாடாவைத் தொய்யவிட்டு அளந்தான், படியைச் சுற்றிக்கொண்டு போய் அளந்தான். இருபத்துநான்கைத் தாண்டவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"முட்டைங்களக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன?"

"பதினோராம் பக்கம், கடைசிப் பத்தி. தொடக் கூடாது."

"அப்படியா போட்டிருக்கு?"

"நீங்க எழுதினதுதானே?"

"எழுதல, ஹில்யா. காப்பி அடிச்சேன்." இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மறுபடி போட்டுக்கொண்டு, "விருந்தாளிங்க மட்டும் இல்லீங்க. 'யாரும்'னு இருக்கு. அதுல நீங்களும் அடக்கம்" என்றான்.

பிறந்த வீட்டிலிருந்து தன்னை ஓர் ஆமை வெளியே தள்ளியதை ஹில்யா பெட்டி கட்டும்போதுதான் முழுதாக உணர்ந்தாள். முதலில் ஆமை மேல் கோபம் வந்தது. பிறகு ரெய்னோ மேல். பிறகு, சரியாகப் பேசியதற்காக ஐலி மேல். கடைசியில் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டே தன் மேல் கோபப்பட்டாள். ஜூலையில் வர இருந்தவர்களுக்கெல்லாம் காரணத்தைத் தெளிவாக எழுதி, முன்பணத்தைத் திருப்பி அனுப்பினாள். பாதிப்பேர் வாழ்த்து அனுப்பினார்கள்.

ஐலியின் கராஜ் மாடிக்குக் குடி போனாள். கீழே படகு, வலை, பெட்ரோல் வாடை. ஏணி மாதிரி ஒரு படி. புகைக் கருவி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.

"சும்மா இரு, நீ என்ன வேத்தாளா?" என்றாள் ஐலி. ஹில்யா கேட்கவில்லை. மீன் பிடிக்க வருகிறவர்கள் கொடுக்கும் வாடகையையே வெள்ளிக்கிழமைதோறும் காபி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். முதல் வாரம் ஐலி திட்டினாள். இரண்டாம் வாரம் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் ரெய்னோ வந்தான். ஹில்யா எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான். வெறுந்தலை. ஐலி ஊற்றிய காபியைக் குடித்தான், ரொட்டியை நனைத்துத் தின்றான்.

"பரவாயில்லையே, தங்கச்சியே கூட்டி வச்சுக்கிட்டாளே உன்ன" என்றான்.

"வாடகைக்குத்தான் இருக்கேன்" என்றாள் ஹில்யா.

ரெய்னோவின் ரொட்டி காபிக்குள் ஒடிந்து விழுந்தது. ஐலி அக்காவைப் பார்த்தாள். அக்கா சன்னலைப் பார்த்தாள். ரெய்னோ எழுந்து, படியிறங்கி, தன் வண்டிவரை போய், பச்சைத் தொப்பியோடு திரும்பி வந்தான்.

"ஐலி அம்மா, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குங்களா?"

"டேய் ரெய்னோ, உக்காந்து காபியக் குடி!"

"குடிச்சேன், நல்லா இருந்துச்சு. லைசென்ஸ் இருக்குங்களா?"

ஐலி அக்கா பக்கம் திரும்பினாள். "என் வீட்டுல படுத்துக்கிட்டு, என் சோத்தத் தின்னுகிட்டு, என்னையே காட்டிக்குடுத்துட்டியே!"

"அவன் தப்பா நெனச்சான், நான் உள்ளதைச் சொன்னேன்."

"பொய் சொன்னா வாய் வெந்துடுமா?"

"எனக்குப் பழக்கமில்லடி. சொன்னா திக்கும், இன்னும் அசிங்கமாப் போயிருக்கும்."

ஒன்பது நாள் ஐலி பேசவில்லை. சோற்றை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனாள். உப்பு அதிகமாக இருந்தது, வேண்டுமென்றே போட்டது. பத்தாம் நாள் விண்ணப்பத்தைக் கொண்டு வந்து அக்கா முன்னால் எறிந்தாள். "இதுல 'வெளிவழி'ன்னா சன்னலா, கதவா? சொல்லித் தொலை."

இரண்டு பேரும் உட்கார்ந்து பூர்த்தி செய்தார்கள். ஐலி விளக்குக்குச் சிவப்புச் சாயம் அடித்தாள், கையெல்லாம் சாயம். உரிமம் எண் இரண்டு. ஐலிக்கே ரெய்னோ ஆய்வு நடத்திவிட்டான் என்ற செய்தி பரவியதும், ஊரில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் பயந்துபோய் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். ஆகஸ்டுக்குள் பதின்மூன்று விண்ணப்பம். ரெய்னோ தொப்பி மாற்றி மாற்றி முன்மயிர் உதிர்ந்துவிட்டது என்று சொன்னான்.

பதின்மூன்று பேரும் பதினோராம் பக்கத்துக்கு வந்தபோதுதான் மன்றம் விழித்தது. ஆகஸ்டு கூட்டத்தில் ஆமை விதியை நீக்கத் தீர்மானம் வந்தது. எல்லாரும் ஹில்யாவைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவள் அவள்தானே, கைதட்டப் போகிறாள் என்று நினைத்தார்கள். ஹில்யா எழுந்தாள்.

"முட்டை இன்னும் பொரியல" என்றாள். "அது விதி இருந்தப்ப போட்டது. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் விதி இருக்கட்டும். அப்புறம் என்னமோ பண்ணிக்கோங்க."

"ஹில்யா, உன்ன வீட்டுக்கு அனுப்பத்தான் இதையே பண்றோம்!" என்றார் தலைவர்.

"தெரியுது. ரொம்ப நன்றி. ஆனா நான் போயிட்டா, விருந்தாளிங்க வருவாங்க, ராத்திரி வண்டி திருப்புவாங்க, யாராச்சும் அந்தச் சரளை மேல நிறுத்துவாங்க. எழுபது நாள் வெளிய இருந்துட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே?"

 பின்னாலிருந்து ஐலி, "அவ சொன்னா செய்யுங்கய்யா, இல்லன்னா எங்க வீட்டுல பண்ணின மாதிரி உங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணிடுவா!" என்று கத்தினாள். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை, கூட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே ஹில்யா வழக்கம்போல் வந்து பார்த்தபோது மண் அசைந்தது. நகம் அளவு ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அவள் கத்திய சத்தத்தில் ரெய்னோ முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தான், ஐலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் அளவு, ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் அதே கடுகடுத்த மூஞ்சி. மூன்று பேரும் கயிற்றுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவை சதுப்புப் பக்கம் திரும்பின. நான்கு மட்டும் நேராகச் சமையலறைப் படியை நோக்கி நடந்தன.

"இதுங்க உள்ள தங்கப் போகுதுங்க. அதுக்கு லைசென்ஸ் வேணுமாடா?" என்றாள் ஐலி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாலையின் இரண்டு பக்கமும் ரெய்னோ தன் வண்டியையும் ஐலியின் வண்டியையும் குறுக்கே நிறுத்தினான். எந்தத் தொப்பியும் போடவில்லை, அந்த அதிகாரம் எந்தத் தொப்பிக்கும் கிடையாது. விறகு லாரிக்காரன் ஒருவன் ஒன்றரை மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். ஹில்யா படிப் பக்கம் போன நான்கையும் தொடாமல், துடைப்பத்தை அணையாகப் பிடித்துத் திருப்பிவிட்டாள். தொடக் கூடாது என்றுதான் விதி; துடைப்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அன்று மாலையே வீட்டுக்குத் திரும்பினாள். ரொட்டிப் பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. சன்னல்களைத் திறந்தாள், நீராவிக் குடிலுக்கு விறகு வைத்தாள், இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

இலைகள் சிவக்கும் பருவத்தில் மாடி மறுபடி நிரம்பியது. குளிர்காலத்தில் ரெய்னோ உட்கார்ந்து, முதல் முறையாகச் சொந்தமாக ஒரு சட்டம் எழுதினான். நாலே பக்கம். ஒவ்வொரு பத்தியையும் ஹில்யாவிடம் படித்துக் காட்டினான். ஆமை விதி சிவப்பு விளக்கோடு அப்படியே இருந்தது, தூரம் மட்டும் பத்து அடியாகச் சுருங்கி, 'வீட்டுக்காரர் உள்ளே இருக்கலாம்' என்ற வரியோடு.

ஐலிதான் அடியோடு மாறிப்போனாள். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கராஜ் வாசலில் மாட்டியிருக்கிறாள். போன மே மாதம் காலை ஏழு மணிக்கு ஹில்யாவைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, முனையில அந்த மஞ்ச வீட்டுக்காரன் இருக்கானே, வெள்ளை விளக்குப் போட்டிருக்கான். சுத்த வெள்ளை! இதெல்லாம் கேக்க ஆளே இல்லையா இந்த ஊர்ல?"

"அவன் விளக்கு மாத்த பதினஞ்சாம் தேதி வரைக்கும் டைம் இருக்குடி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெய்னோ போன எடுக்க மாட்டேங்குறான்."

"மணி ஏழுதான் ஆகுது."

"அவனை எழுப்பு. நீ பக்கத்து வீடுதானே, போய்த் தட்டு" என்றாள் ஐலி.